அண்ணன் போன், ராத்திரி எட்டுக்கு மேல்

காரியாபட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. அங்கே உட்கார்ந்தால்தான் டவர் நிற்கும். இரண்டடி தள்ளினால் பேச்சு அறுந்து அறுந்து வரும். 2020 ஏப்ரலில் அந்த இடத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். அடுத்த பிப்ரவரி வரை அது அங்கேயே கிடந்தது. வெயிலும் மழையும் பட்டு நீலம் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. இப்போதும் அந்த நாற்காலியில்தான் அம்மா வடகத்துக்குக் காவல் இருக்கிறார்.

அதில் உட்கார்ந்து முதலில் நான் பாடம் நடத்தியது மாணவர்களுக்கு அல்ல, ஆசிரியர்களுக்கு. அறுபது பேர் இருந்தார்கள்.

அந்த வருடம் மார்ச் 17-ஆம் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் கல்லூரிகளை மூடினார்கள். மாதக் கடைசியில் திறந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஹாஸ்டல் பிள்ளைகள் பாடப் புத்தகத்தைக்கூட அறையிலேயே வைத்துவிட்டு இரண்டு சுடிதாரோடு ஊருக்குப் போனார்கள். 24-ஆம் தேதி சாயங்காலம் 6 மணிக்கு 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவே நாடு முழுக்க ஊரடங்கு. மதுரை – அருப்புக்கோட்டை ரோட்டில் பஸ் சத்தம் இல்லாத ஒரு ராத்திரியை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை. குண்டாற்றுப் பக்கமிருந்து நாய் குரைப்பதுகூடக் கேட்டது.

நான் வேலைபார்த்த கல்லூரி விருதுநகர்ப் பக்கம். சுயநிதிப் பிரிவில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் ஆசிரியை. ஏப்ரலில் ஒருநாள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. "நீங்கதானேம்மா கம்ப்யூட்டர். நம்ம ஸ்டாஃப் எல்லாருக்கும் ஆன்லைன் கிளாஸ் எடுக்கச் சொல்லிக்குடுத்துருங்க. திங்கக்கிழமை ஆரம்பிச்சிரலாம்." அன்று வெள்ளிக்கிழமை.

அதற்கு முன்பே, மார்ச் 27-ஆம் தேதி, அமெரிக்காவில் சார்லஸ் ஹாட்ஜஸ் என்பவரும் அவருடைய சகாக்கள் நான்கு பேரும் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாம் இப்போது அவசரத்துக்குச் செய்வதை ஆன்லைன் கல்வி என்று சொல்லாதீர்கள், அது வேறு, இது வேறு என்பது அவர்கள் வாதம். முழுக்க ஆன்லைனில் நடத்தும் ஒரு பாடத்தைத் தயார் செய்ய வழக்கமாக ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆகும் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு.

அந்த இரண்டு நாளும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. லிங்க் எப்படி அனுப்புவது, யாருடைய மைக்கை எப்படி அணைப்பது, ஸ்கிரீனை எப்படிக் காட்டுவது. ஜூமில் நாற்பது நிமிடம் ஆனதும் துண்டித்துவிடும், மறுபடி எல்லோரையும் உள்ளே அழைக்க வேண்டும். திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் வகுப்பு நடந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வணிகவியல் துறையிலிருந்து ஒரு மூத்த ஆசிரியர் கூப்பிட்டார். ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது அவருக்கு. கணக்குப் பதிவியலில் அவரிடம் படித்தவர்கள் இந்த மாவட்டம் முழுக்க வங்கிகளில், தீப்பெட்டி ஆபீஸ்களில், ஆயில் மில்களில் இருக்கிறார்கள். அவர் ஒரு மணி நேரம் ஐந்தொகை நடத்தியிருக்கிறார். மைக் அணைந்திருந்தது. பிள்ளைகள் "சார் கேக்கல" என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அது எங்கே தெரியும் என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"நாந்தான் சார் சொல்லாம விட்டேன்," என்றேன்.

"அது இல்லம்மா," என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "முப்பத்தோரு வருசமா பிள்ளைங்க மூஞ்சியப் பாத்துத்தான் நடத்துனேன். ஒருத்தன் புருவத்தச் சுருக்குனா திரும்பச் சொல்லுவேன். இன்னைக்கு எங்க நிறுத்துறதுன்னே தெரியல. எவன் என்ன நிலைமையில உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியலையேம்மா."

போனை வைத்த பிறகும் வெகுநேரம் கீழே இறங்கவில்லை. நான் அவருக்கு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தேன். அவர் கேட்டது தன் பிள்ளைகள் எங்கே என்று.

எனக்கு அப்போது சித்தி ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று பிறகுதான் புரிந்தது.

சித்தி தபாலில் படித்தவள். எண்பதுகளின் தொடக்கம். அப்போது காரியாபட்டி ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது, விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985-ல். பெண்ணைத் தினமும் பஸ் ஏற்றி மதுரைக்கு அனுப்ப முடியாது என்று தாத்தா சொல்லிவிட்டதால், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழியில் பி.ஏ. சேர்ந்தாள். கெட்டிக் காகிதக் கவரில் பாடக்கட்டு வரும். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே "தாயி, மதுரைக் கட்டு!" என்று கூவுவார். ராத்திரி அடுப்பு வேலை முடிந்து, நாங்கள் எல்லாம் படுத்த பிறகு, அரிக்கேன் விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு படிப்பாள். தூக்கத்தில் புரண்டால் தாள் புரளும் சத்தம் கேட்கும்.

அவள் எழுதி அனுப்பிய பயிற்சித் தாள் ஒன்று திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி. விடை நன்றாக இருக்கிறது, மூன்றாவது கேள்விக்கு இன்னும் விரித்து எழுதிப் பழகவும் என்று. எழுதியவர் யார் என்று தெரியாது. கீழே ஒரு கையெழுத்துச் சுழி மட்டும். சித்தி அதைத் தபால்காரரிடமே காட்டினாள். எண்ணெய்க்கடை அண்ணாச்சியிடம் காட்டினாள். பிறகு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். மூன்று வருடம் அவளைப் படிக்க வைத்தது அந்த இரண்டு வரிதான் என்று இன்றைக்கும் சொல்வாள். முகம் தெரியாத ஒரு வாத்தியார், இந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து எழுதுகிறாள் என்று தெரிந்து எழுதிய வரி.

மறுநாள் ஒரு லாங் சைஸ் நோட்டு எடுத்தேன்.

ஆசிரியர்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன்: இந்த வாரம் புது ஆப் எதுவும் வேண்டாம். ஆளுக்கு இருபது பிள்ளைகளுக்குப் போன் போடுங்கள். மூன்றே கேள்வி. போன் யாருடையது? எப்போது கையில் கிடைக்கும்? நெட் எவ்வளவு போட முடியும்? சிலர் மறுத்தார்கள். "சிலபஸ் முடிக்கணும் மிஸ், இதுக்கெல்லாம் நேரமில்ல" என்றார்கள். வணிகவியல் சார் முதல் நாளே நாற்பது பேரிடம் பேசிவிட்டு எனக்குப் பட்டியல் வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கங்களை அப்படியே தருகிறேன், பெயர்களை விட்டுவிட்டு.

அண்ணன் போன். ராத்திரி 8-க்கு மேல்.

சொந்த போன். டிஸ்பிளே உடைஞ்சது. சத்தம் மட்டும் கேக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா நம்பர். கூப்பிட்டால் கொடுப்பார்கள். ஆண் ஆசிரியர் கூப்பிட வேண்டாம்.

அக்காவுக்குக் கொடுத்த அரசு லேப்டாப் இருக்கு. பேட்டரி நிக்காது. நெட் கிடையாது.

போன் இல்லை.

அம்மா போன். பகல் முழுக்க.

கடைசியாகச் சொன்னது சிவகாசிப் பக்கத்துப் பெண். பகல் முழுக்க எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. தீப்பொறிக்கு அஞ்சி வைத்த விதி. அதனால் அம்மா வேலைக்குப் போனால் போன் வீட்டில் இருக்கும். அந்த வகுப்பிலேயே அவளுக்குத்தான் போன் அதிக நேரம் கிடைத்தது. லோடு ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் உள்ள பையனுக்கு ராத்திரி எட்டுக்கு மேல்தான். இதெல்லாம் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் யாரும் சொல்லித்தர முடியாது.

நாட்டு நிலவரம் தெரியாத ரகசியமும் இல்லை. 2017–18-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் கிராமத்து வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது 4.4 சதவீதத்தில். இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில். அந்தக் கணக்கு எல்லோர் மேசையிலும் இருந்தது. என் மேசையிலும்தான். ஆனாலும் முதல் வாரம் நான் வீடியோ வகுப்புத்தான் சொல்லிக்கொடுத்தேன். அது என் தவறு. அதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

நோட்டு நிரம்பியதும் வேலை மாறியது. வணிகவியல் சார் வீடியோவை விட்டுவிட்டார். சிவகாசியில் அச்சாகும் மாதக் காலண்டர் அவர் வீட்டில் நாலைந்து தொங்கும், எல்லாம் பழைய மாணவர்களின் கடைகள் கொடுத்தவை. முடிந்துபோன மாதத் தாள்களைக் கிழித்து, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டார். இடப்பக்கம் பொறுப்புகள், வலப்பக்கம் சொத்துகள். அதைச் சுவரில் ஒட்டி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். கூடவே ஏழு நிமிடக் குரல் பதிவு. ஒரு நாள் பாடம் அவ்வளவுதான். உடைந்த டிஸ்பிளேக்காரனுக்குக் குரல் போதும். ராத்திரி போன் கிடைப்பவனுக்கு ராத்திரி கேட்டுக்கொள்ளலாம். நெட் செலவு மிகக் கொஞ்சம்.

அவருடைய குரல் பதிவுகளை நானும் கேட்பேன். "பிள்ளைகளா, நேத்து நரிக்குடிப் பையன் ஒரு சந்தேகம் கேட்டான், நல்ல சந்தேகம்" என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார். அந்தப் பையன் அன்று வீட்டில் அதை எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அது சிவப்பு மையாகத்தான் கேட்டது.

இதைப் பார்த்துத் தமிழ்த்துறை, பொருளியல், கணிதம் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். கணித ஆசிரியை தரையில் சாக்பீஸால் எழுதி, ஸ்டூலில் ஏறி நின்று படம் எடுத்தார். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ராத்திரி எட்டரைக்கு நேரடி வகுப்பு, சந்தேகத்துக்காக. கேமராவைப் போடு என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று முடிவெடுத்தோம். ஒற்றை அறை வீட்டில் பின்னால் யார் யார் இருப்பார்கள், எப்படி இருப்பார்கள் என்பது பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

இடைஞ்சலும் இருந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும், அதை வைத்துத்தான் வகுப்பு நடந்ததாகக் கணக்கு என்று மேலிருந்து உத்தரவு வந்தது. அந்தப் படத்துக்காகவே பிள்ளைகளை உள்ளே வரச் சொல்லி, எண்ணிக்கை காட்டி, வெளியே அனுப்பிய நாட்கள் உண்டு. அவர்கள் ரீசார்ஜ் பணம் அதில் கரைந்தது. குரல் பதிவையும் வகுப்பாக ஏற்க வைக்க ஒரு மாதம் போராட வேண்டியிருந்தது. சுயநிதிப் பிரிவில் எங்களுக்குப் பாதிச் சம்பளம் ஆனது அந்த மாதங்களில்தான். என்னோடு வேலைபார்த்த ஒருவர் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்றார். காலையில் மாவு, பத்து மணிக்குப் பாடம். ஆசிரியர் மாணவரைத் தாங்க வேண்டும் என்றால் அந்த ஆசிரியர் வீட்டில் அரிசி இருக்க வேண்டும். அந்தச் சம்பளத்தைப் பிடித்தது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

நோட்டில் இன்னொரு வரி இருக்கிறது. "ராத்திரி மூட்டத்தில் இருப்பான். அப்போது கேட்பான்."

திருச்சுழி ரோட்டுப் பக்கத்துக் கிராமம். அவன் என் மாணவன். அப்பாவுக்குக் கரிமூட்டம் போடும் தொழில். கரிசல் காட்டில் விளைச்சல் பொய்த்தாலும் சீமைக்கருவேலம் பொய்க்காது, அதை வெட்டிக் கரியாக்கித்தான் இங்கே எத்தனையோ குடும்பம் பிழைக்கிறது. அவன்தான் எனக்கு அந்த வேலையைச் சொல்லித்தந்தான். கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, தழையும் வைக்கோலும் போர்த்தி, மேலே ஈர மண்ணைப் பூசி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். எங்கேயாவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் போச்சு. "எரிஞ்சிரும் மிஸ். விடிஞ்சு பாத்தா கரி இருக்காது, சாம்பல்தான் இருக்கும்." அதனால் ராத்திரி முழுக்க ஒருவர் சுற்றி வந்து, வெடிப்பைப் பார்த்துப் பார்த்து மண் அப்ப வேண்டும்.

ஒருநாள் ராத்திரி ஒரு மணிக்கு மேல் அவனிடமிருந்து குரல் பதிவு வந்திருந்தது. காலையில் மாடியில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் மண்வெட்டியைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு சில்வண்டு. பிறகு அவன்: "மிஸ், இந்த லூப் எப்ப நிக்கணும்னு எந்த வரில சொல்றோம்? ரெண்டு வாட்டி கேட்டேன், புரியல." கம்ப்யூட்டர் இல்லாமல், நோட்டில் புரோகிராம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிப் படித்த பையன். நான் ஒரு தாளில் வரிவரியாக எழுதி, நிற்கும் இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பினேன். வீட்டில் சிவப்புப் பேனா இல்லை, அதற்காகவே பக்கத்துக் கடை அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டி வாங்கினேன்.

ஜூலை 23-ஆம் தேதி முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு செமஸ்டர் தேர்வு ரத்து என்று முதலமைச்சர் அறிவித்தார். இறுதியாண்டுக்குத் தேர்வு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. செப்டம்பரில் வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு. வினாத்தாள் போனில் வரும், வெள்ளைத் தாளில் எழுதி, படம் எடுத்து ஏற்ற வேண்டும். டவர் இல்லாதவர்கள் விடைத்தாளைத் தபாலில் அனுப்பலாம்.

ஒருநாள் மதியம் காரியாபட்டி தபால் ஆபீஸுக்குப் போனேன். வாசலில் மூன்று பையன்கள், மாஸ்க் தாடைக்கு இறங்கியிருந்தது. ஆளுக்கொரு பழுப்புக் கவர். ஒருவன் பதிவெண்ணைக் கவர்மேல் எழுதி, எழுதியது சரியா என்று இன்னொருவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பசை காயட்டும் என்று கவரை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருந்தவர் முத்திரை குத்தும்போது மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

அன்று ராத்திரி சித்தியிடம் சொன்னேன். "எங்க காலத்துல பாடம் தபால்ல வந்துச்சு," என்றாள். "இப்பப் பரிச்சை தபால்ல போகுதா? திருத்துறவங்க ஓரத்துல ஏதாச்சும் எழுதி அனுப்புவாங்களா?"

இல்லை சித்தி என்றேன். "அட பாவமே" என்றாள்.

நோட்டை ஒருமுறை எழுதினால் போதாது என்பதைச் சிவகாசிப் பக்கத்துப் பெண்ணிடம் கற்றேன். செப்டம்பரில் ஆளைக் காணவில்லை. குரல் பதிவு எதற்கும் பதில் இல்லை. கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்தது. நான்கு நாள் கழித்து ராத்திரி அவளே கூப்பிட்டாள். தீபாவளி நவம்பர் 14, ஆலையில் ஆள் போதவில்லை, அம்மாவோடு அவளும் வேனில் போகிறாள். பூட்டிய வீட்டுக்குள் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கையில் சம்பளம் வருகிறது, அடுத்த ஃபீஸைக் கட்டிவிடலாம் மிஸ் என்றாள். "பகல் முழுக்க" என்பதை அடித்துவிட்டு, "ஆலை வேன் வந்த பிறகு, 7 மணி" என்று எழுதினேன். அவளுக்குப் பாடம் நடத்துபவர்களுக்கும் சொன்னேன். யாரும் அவளைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரிடமும் மறுபடி கேட்டோம்.

2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தருவதாக அரசு அறிவித்தது. ஏப்ரல் வரைக்கும், 9.69 லட்சம் பேருக்கு. நல்ல காரியம். பத்து மாதம் முன்னால் வந்திருக்க வேண்டிய காரியம். பிப்ரவரி 8-ஆம் தேதி எல்லா வகுப்புகளுக்கும் கல்லூரி திறந்தது. நான் நாற்காலியை மாடியிலிருந்து இறக்கினேன்.

நான்கே நாள். பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. 19 பேருக்கு மேல் இறந்தார்கள். கல்லூரி திறந்திருந்தாலும் வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லோரும் அந்த வாரம் திரும்பியிருக்கவில்லை. செய்தி வந்ததும் வணிகவியல் சார் கேட்ட முதல் கேள்வி, "நோட்டு எங்கம்மா?" ஆசிரியர் அறையில் ஐந்து பேர் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி என்று ஊர் பார்த்து ஆளுக்குப் பத்து எண். அண்ணன் போன், அம்மா போன், பக்கத்து வீட்டு அக்கா போன். எடுத்தவர்கள் பெயருக்கு நேரே டிக் போட்டோம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு எண் மட்டும் பாக்கி. வேன் வந்த பிறகு, 7 மணி. ஏழேகாலுக்கு எடுத்தாள். "நான் வேற ஆலை மிஸ்," என்றாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நோட்டு என்னிடம் இருக்கிறது. அதன் பிறகு வருடத்துக்கு ஒரு நோட்டு. 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டி, காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்து, தூத்துக்குடிப் பக்கம் டவரே இல்லாமல் போனபோதும் அந்த வருடத்து நோட்டைத்தான் திறந்தோம். சில பிள்ளைகளுக்கு மதுரையில் இருக்கும் மாமா எண் எழுதியிருந்தது. அது போதுமாயிருந்தது.

கல்லூரிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு படிவம் உண்டு. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்குக் காட்டுவதற்கு. தந்தை தொழில், ஆண்டு வருமானம், ரத்த வகை எல்லாம் அதில் கேட்டிருக்கும். போன் யாருடையது என்று கேட்கும் கட்டம் நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இல்லை. ஆசிரிய நண்பர்களே, கட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஜூன் மாதம் முதல் வகுப்பில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள். போன் யாருடையது, எப்போது கையில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டு, உங்கள் கையாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.